தங்க முலாம் பூசிய வெள்ளி நகை கருப்பது ஏன்? '925' முத்திரை சொல்லாத விஷயம்

ஆன்லைனில் ஆசையாக வாங்கிய செயின். உள்ளே '925' வெள்ளி, மேலே தங்க முலாம். சில மாதங்களிலேயே கொக்கி ஓரம் செம்பழுப்பாகி, பிறகு கருத்துவிட்டது. 'ஏமாந்துட்டோமோ?' என்ற சந்தேகம் வருவது இயல்புதான்.

ஆனால், நகை கருத்துவிட்டது என்பதற்காக வெள்ளி போலி என்று சொல்லிவிட முடியாது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி வேறு: மேலே எவ்வளவு தங்கம் இருக்கிறது?

கருப்பது எது?

தங்கம் அல்ல. ஸ்டெர்லிங் சில்வரில் 92.5% வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியைத் தொட்டால், சில்வர் சல்ஃபைடு என்ற கருப்புப் படலம் உருவாகும். செம்பும் நிறம் மாறும்.

மேலே தங்கம் மூடியிருக்கே, அப்புறம் எப்படி?

மெல்லிய முலாமில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கும். அவற்றின் வழியே கந்தகம் உள்ளே போகும். நாளடைவில் வெள்ளி, செம்பு அணுக்களும் தங்கத்தை ஊடுருவி மேலே வரும். மோதிரத்தின் உட்புறம், கொக்கி போன்ற உரசும் இடங்களில் முலாமே தேய்ந்துவிடும்.

எவ்வளவு தங்கம் இருக்கும்?

ஒரு சின்ன கணக்கு. நகையின் பரப்பு 10 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

• 0.1 மைக்ரான் முலாம்: சுமார் 2 மில்லிகிராம் தங்கம்
• 1 மைக்ரான்: சுமார் 19 மில்லிகிராம்
• 2.5 மைக்ரான்: சுமார் 48 மில்லிகிராம்

ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதலாவதற்கும் கடைசிக்கும் 25 மடங்கு வித்தியாசம். ஆனா, புதுசா இருக்கும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் மின்னும். அமெரிக்காவில் 'வெர்மெய்ல்' என்ற பெயரில் விற்க, குறைந்தது 2.5 மைக்ரான் தங்கம் வேண்டும் என்கிறது அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் வழிகாட்டுதல்.

ஹால்மார்க் உதவாதா?

பாதிதான் உதவும். '925' என்பது வெள்ளியின் தூய்மையை மட்டுமே சொல்லும். முலாமின் தடிமனைச் சொல்லாது. 2025 செப்டம்பர் 1 முதல் ஹால்மார்க் பெறும் வெள்ளி நகைகளுக்கும் தனி அடையாள எண் உண்டு. அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

கருத்துப்போச்சு, இப்போ என்ன செய்வது?

வெள்ளி விளக்கைத் தேய்ப்பதுபோல விபூதியோ டூத்பேஸ்ட்டோ போட்டுத் தேய்க்காதீர்கள். கருப்போடு தங்கமும் போய்விடும். வெதுவெதுப்பான நீரில் மென்மையான சோப்பு கலந்து கழுவி, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். சென்ட் அடித்த பிறகு நகையை அணியுங்கள். கழற்றியதும் துடைத்து, காற்றுப்புகாத கவரில் வையுங்கள். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு. அதைச் சுற்றி வைக்க வேண்டாம்.

வெள்ளியே வெளியே தெரிந்தால், மறுமுலாம்தான் வழி.

அடுத்த முறை வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: முலாம் எத்தனை மைக்ரான்? வெள்ளிக்கும் தங்கத்துக்கும் நடுவே பல்லேடியம் போன்ற தடுப்பு அடுக்கு உண்டா? நிக்கல் என்றால், ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது. கிடைக்கும் பதிலை பில்லிலும் எழுதித் தரச் சொல்லுங்கள்.