பார்வை மங்கியபோதும் ஓயாத கை

 

சர்க்கரை நோயால் கண் மங்கியவர்களும், பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர்களும் நம் மஹல்லாவில் பல வீடுகளில் உண்டு. "வாப்பா, நீங்க சும்மா இருந்தா போதும்" என்று பிள்ளைகள் பாசத்தோடுதான் சொல்கிறார்கள். ஆனால் செய்ய ஒன்றுமில்லாமல் முடங்கிக் கிடப்பது நோயைவிட அதிகமாக மனிதரை வாட்டுகிறது. அதனால் இம்மாதம் ஓவியர் மனோகர் தேவதாஸைப் பற்றி எழுதுகிறோம்.

1936இல் மதுரையில் பிறந்த அவர், சென்னையில் வேதியியல் துறையில் வேலை பார்த்தார். ஓவியம் ஓய்வுநேர விருப்பமாக இருந்தது. அவருக்கு வந்தது ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். இதில் முதலில் இரவுப் பார்வை குறையும். பிறகு பக்கவாட்டுப் பார்வை சுருங்கி, குழாய் வழியே பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் தெரியும். 1972இல் நடந்த கார் விபத்தில் மனைவி மஹிமாவின் உடல் தோளுக்குக் கீழே செயலிழந்தது.

இருவரும் ஒருவருக்கொருவர் துணையானார்கள். அவர் பேனாவும் மையும் கொண்டு பழைய கட்டடங்களையும் தெருக்களையும் நுணுக்கமாக வரைந்தார்; படங்களுக்கான விளக்கங்களை மஹிமா எழுதினார். அவை வாழ்த்து அட்டைகளாகி, விற்ற பணம் தர்ம காரியங்களுக்குப் போனது. மதுரையைப் பற்றிய அவரது ஓவிய நூல் 2007இல் வெளிவந்தபோது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது. 2008இல் மஹிமா மறைந்தார். 2020இல் அவருக்கு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. 2022 டிசம்பரில் அவர் காலமானார்.

இழந்ததை எண்ணி உட்காராமல், மிஞ்சியிருந்த பார்வைக்கு ஏற்ற வேலையை அவர் விடாமல் செய்தார். நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். நம் வீட்டுப் பெரியவருக்கு ஓவியம்தான் வேண்டும் என்பதில்லை. அரபு எழுத்தணியோ, பாய் முடைதலோ, பூத்தையலோ எதுவானாலும் சரி. தேங்காய்ப்பட்டினம் பள்ளியின் கல்தூண்களை வரைய ஒருவர் ஆசைப்பட்டால், "இந்த வயசிலா?" என்று கேட்காமல் ஒரு நோட்டும் பேனாவும் நல்ல வெளிச்சமும் கொடுங்கள்.

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். இஷாவுக்குப் பள்ளிக்கு வரும்போது ஒருவர் அடிக்கடி தடுமாறினால் வயதென்று விட்டுவிடாமல் கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மேற்சொன்ன விழித்திரை நோய் பரம்பரையாக வரக்கூடியது; நெருங்கிய சொந்தத்தில் மணமுடித்த குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல் என்பதால் உடன்பிறந்தவர்களையும் பரிசோதியுங்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடுள்ளவர்கள் பல சலுகைகளுக்கு உரியவர்கள். அடையாள அட்டைக்கு நாகர்கோவிலிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகலாம். விண்ணப்பம் நிரப்ப உதவி தேவைப்பட்டால், ஜும்ஆ தொழுகைக்குப் பின் நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் நம் ஊர்ப் பெரியவர் ஒருவரின் கைவேலையை இதே பக்கத்தில் வெளியிட விரும்புகிறோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்