சுவாமிமலை வெண்கலப் படிமங்கள்

சுவாமிமலை வெண்கலப் படிமங்கள் என்பன தமிழ்நாட்டின் தஞ்சாவூர் மாவட்டத்தில், கும்பகோணத்திற்கு அருகில் அமைந்துள்ள சுவாமிமலையில் வார்க்கப்படும் உலோகச் சிற்பங்கள் ஆகும். வழிபாட்டிற்குரிய படிமங்களும், சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பின்பற்றி நினைவுப் பொருட்களாகச் செய்யப்படும் உருவங்களும் இவற்றுள் அடங்கும். 2008-09 இல் இவற்றுக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது.

செய்முறை

தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் எண்ணெயுடன் காய்ச்சி, அக்கலவையால் முதலில் உருவம் செய்யப்படும். சிற்ப நூல்கள் கூறும் தாள அளவுகள் மடித்த தென்னை ஓலையால் குறிக்கப்படும். மெழுகுருவின் மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி உலர்த்துவர். அதன்மேல் பருமண் பூசி, இரும்புக் கம்பியால் கட்டிச் சூடேற்றும்போது மெழுகு உருகி வெளியேறும். அவ்வெற்றிடத்தில் உருக்கிய உலோகம் ஊற்றப்படும். இதில் செம்பே மிகுதியாக இருக்கும். ஐம்பொன் படிமங்களில் சிறிதளவு பொன்னும் வெள்ளியும் சேர்ப்பது மரபு. ஆறிய பின் அச்சை உடைத்து, உருவத்தை உளியாலும் அரத்தாலும் செப்பனிடுவர். எனவே ஓர் அச்சில் ஒரு படிமமே கிடைக்கும்.

நினைவுப் பொருட்கள்

பழஞ்சிலைகளின் நகல்களைப் பயணிகளுக்கு விற்கும் வழக்கம் பிற நாடுகளிலும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில், பொம்பெயி அகழ்வில் கிடைத்த சிலைகளின் வெண்கல நகல்கள் விற்கப்பட்டன. தமிழ்நாட்டில் இத்தகைய உருவங்களுள் நடராசர் பெரிதும் விரும்பப்படுகிறது. வேதிப்பொருட்களால் புதிய சிலைக்கும் பழமைத் தோற்றம் தர இயலும். ஆகவே நிறத்தை மட்டும் கொண்டு காலத்தைக் கணிக்க முடியாது.

சிவபுரம் நடராசர்

சோழர் காலத்து வார்ப்பு முறையே இன்றும் தொடர்வதால், மூலத்தையும் நகலையும் வேறுபடுத்துவது கடினம். கும்பகோணத்திற்கு அருகிலுள்ள சிவபுரத்தில் 1951இல் மண்ணிலிருந்து கிடைத்த நடராசர், 1950களில் பழுதுபார்க்கக் கொடுக்கப்பட்டது. கோயிலுக்குத் திரும்பியது நகலே. இதனை ஆய்வாளர் டக்ளஸ் பாரெட் 1965இல் வெளிப்படுத்தினார். மூலச்சிலை கைமாறி, 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. வழக்கிற்கும் உடன்படிக்கைக்கும் பின்னர் 1986இல் அது இந்தியாவிற்குத் திரும்பியது.

சட்டம்

1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டத்தின்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுடைய சிலைகள் தொல்பொருட்களாகும். தனியார் இவற்றை ஏற்றுமதி செய்ய இயலாது. பழஞ்சிலைபோல் தோன்றும் புதிய படிமத்தை வெளிநாட்டிற்குக் கொண்டுசெல்வோர், அது தொல்பொருள் அன்று என இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் பெறலாம். உண்மையான பழஞ்சிலைகளைப் புதிய கைவினைப் பொருட்கள் எனக் கூறிக் கடத்திய நிகழ்வுகளும் உள்ளதால், இச்சான்றிதழ் கோயில் சிலைகளின் பாதுகாப்பிற்கும் இன்றியமையாததாகிறது.