மருந்துக்கு முன்னால் – 9: சளி வாங்கப் போனவர்கள்

பத்து நாள் விடுமுறை. தங்குமிடமும் சாப்பாடும் இலவசம், கைச்செலவுக்குக் கொஞ்சம் காசும் உண்டு. பதிலுக்கு மூக்கைக் காட்ட வேண்டும். மருத்துவர் அதில் சில சொட்டுகள் விடுவார். அது ஜலதோஷக் கிருமியாகவும் இருக்கலாம், வெறும் உப்பு நீராகவும் இருக்கலாம்.

இங்கிலாந்தின் சாலிஸ்பரி நகருக்கு அருகே 1946-ல் தொடங்கிய ஜலதோஷ ஆய்வு நிலையத்தின் ஏற்பாடு இது. உலகப் போரின்போது அமெரிக்கர்கள் கட்டிவிட்டுப் போன மருத்துவமனைக் கொட்டகைகளே ஆய்வுக்கூடம். பரீட்சைக்குப் படிக்க இடம் தேடிய மாணவர்கள் வந்தார்கள். செலவில்லாத தேனிலவு என்று புதுமணத் தம்பதிகளும் வந்தார்கள். வயல்வெளியில் உலாவலாம், ஆனால், எதிரே யார் வந்தாலும் 30 அடி தள்ளித்தான் நிற்க வேண்டும்.

‘ஈரத் தலையோட நிக்காதே, சளி பிடிக்கும்’ என்று நம் பாட்டிகள் அதட்டுவார்களே, அதே நம்பிக்கை அங்கேயும் இருந்தது. நிலையத்தை நடத்திய கிறிஸ்டோபர் ஆண்ட்ரூஸ் அதைச் சோதித்தே பார்த்துவிட்டார். சிலரைக் குளிக்க வைத்து, துவட்டவிடாமல், காற்று வீசும் நடையில் அரை மணி நேரம் நிறுத்தினார். அதன் பிறகும் ஈரக் காலுறையோடு திரிய விட்டார். பாவம், நடுங்கியதுதான் மிச்சம். மற்றவர்களைவிட அவர்களுக்குக் கூடுதலாகச் சளி பிடிக்கவில்லை.

பாட்டிகள் முழுதாகத் தோற்றுவிட்டதாகவும் சொல்ல முடியாது. 2005-ல் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 90 பேரின் கால்களைக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் வைத்தார்கள். அடுத்த சில நாட்களில் 13 பேர் ஜலதோஷம் என்றார்கள். கால் நனைக்காத 90 பேரில் 5 பேர்தான். ஏற்கெனவே மூக்கில் பதுங்கியிருந்த கிருமிக்குக் குளிர் வழிவிட்டிருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. கிருமியே இல்லாத மூக்கில், எத்தனை முறை தலைக்குக் குளித்தாலும் ஜலதோஷம் வராது.

சாலிஸ்பரியின் இன்னொரு சோதனை இன்னும் சுவாரசியமானது. ஒருவர் மூக்கருகே சிறு குழாயைப் பொருத்தி, ஒழுகும் மூக்கு போலவே ஒரு திரவத்தைச் சொட்ட விட்டார்கள். புற ஊதா ஒளி பட்டால் மட்டும் மின்னும் திரவம் அது. அவரும் கைக்குட்டையால் துடைத்தபடி மற்றவர்களோடு சீட்டு விளையாடினார். பிறகு அந்த விளக்கைப் போட்டால் கை, முகம், சீட்டு, சாப்பாடு என்று எங்கும் மின்னியது! கைக்குட்டை காப்பாற்றும் என்ற நினைப்பு அன்றோடு போயிற்று. தும்மல், மூச்சுக்காற்று வழியாகவும் கிருமி பரவும் என்றாலும், சோப்புப் போட்டுக் கை கழுவுவதும், கழுவாத கையைக் கண்ணிலும் மூக்கிலும் வைக்காதிருப்பதும் நம்மால் முடிந்த காரியங்கள்.

நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நடந்த அந்த நிலையம், ஜலதோஷத்துக்கு மருந்து கண்டுபிடிக்காமலேயே மூடப்பட்டது. ஜலதோஷம் தரும் வைரஸ்களில் ஒன்றான ரைனோ வைரஸில் மட்டும் 150-க்கும் மேற்பட்ட வகைகள் இருந்தால் யார்தான் என்ன செய்வது? உடம்பே ஒரு வாரம், பத்து நாளில் அதை விரட்டிவிடுகிறது. அதுவரை நாம் செய்வதெல்லாம் தொந்தரவைக் குறைக்கும் வேலை. வெதுவெதுப்பான உப்பு நீரில் தொண்டையைக் கொப்பளிப்பது, மிளகு ரசம், சுக்குக் காபி, நல்ல தூக்கம் எல்லாமே அந்த வகை. ராத்திரி இருமலுக்கு ஒரு தேக்கரண்டி தேன் குழந்தைகளுக்கு இதம் தருவதை ஆய்வுகளும் காட்டியிருக்கின்றன. ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது. அரிதான, ஆபத்தான நச்சுநோய் வரலாம். ஆவி பிடித்தால் பெரியவர்களுக்குக் கொஞ்ச நேரம் சுகம். குழந்தையைப் போர்வைக்குள் உட்காரவைத்துக் கொதிக்கும் பாத்திரத்தை முன்னால் வைப்பது, தீக்காயத்தை விலை கொடுத்து வாங்குவது.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறியதும் ஆன்டிபயாட்டிக் கேட்டு மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. கிருமியோடு போராடிய வெள்ளை அணுக்களால்தான் அந்த நிறம். வைரஸிடம் ஆன்டிபயாட்டிக் செல்லாது.

மூச்சு வாங்கினால், காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் நீடித்தால், காது வலித்தால், கைக்குழந்தை பால் குடிக்க மறுத்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

குழந்தைகளுக்கான இருமல் மருந்திலும் எச்சரிக்கை வேண்டும். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தில் டைஎத்திலீன் கிளைகால் என்ற நச்சு கலந்திருந்தது. அதைக் குடித்த, மத்தியப் பிரதேசத்தின் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். இரண்டு வயதுக்குக் கீழே சளி, இருமல் மருந்து தரவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அந்த அக்டோபரில் அறிவுறுத்தியது. போன முறை வாங்கிய சிரப் பாட்டில் வீட்டில் மிச்சம் இருந்தால், அதைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.