ஒரே இரவில் எழுந்த வீடுகள்

கொல்கத்தாவின் தெற்கே ஜாதவ்பூர் இருக்கிறது. அதன் பக்கத்தில் பிஜோய்கர் என்று ஒரு குடியிருப்பு. வங்காள மொழியில் பிஜோய் என்றால் வெற்றி. கர் என்றால் கோட்டை. பெயரைக் கேட்டு மதிலையும் அகழியையும் தேட வேண்டாம். அங்கே இருப்பவை வீடுகள், கடைகள், குறுகிய தெருக்கள்தான். பிறகு ஏன் இந்தப் பெயர்?

1947-இல் நாடு சுதந்திரம் பெற்றது. அப்போதே இரண்டாகவும் பிரிந்தது. வங்காளத்தின் கிழக்குப் பகுதி பாகிஸ்தானோடு போனது. 1971-இல் அதுவே பங்களாதேஷ் என்ற தனி நாடானது. அங்கிருந்த இந்துக்கள் பலர் வீடு, நிலம், குளம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு கல்கத்தாவுக்கு வந்தார்கள். கொல்கத்தாவுக்கு அப்போது அதுதான் பெயர். சியால்தா ரயில் நிலையத்தின் பிளாட்பாரமே பல குடும்பங்களுக்கு வீடானது. சமையல், தூக்கம், நோய், எல்லாம் அங்கேயே.

எத்தனை நாள் அப்படி இருக்க முடியும்? உலகப் போரின்போது ராணுவத்துக்காகப் போட்ட கொட்டகைகள் ஜாதவ்பூரில் காலியாகக் கிடந்தன. 1948-இல் சில குடும்பங்கள் அங்கே போய்க் குடியேறின. அவர்களைக் கிளப்ப அடியாட்கள் வந்தார்கள். மக்கள் கூடி நின்று விரட்டினார்கள். அந்த வெற்றியால்தான் பிஜோய்கர் என்ற பெயர் வந்தது என்று சொல்வார்கள்.

1950-இல் கிழக்கு வங்காளத்தில் பெரிய கலவரம் நடந்தது. இன்னும் ஏராளமானோர் ஓடி வந்தார்கள். அவர்களும் பிஜோய்கர் வழியைப் பிடித்தார்கள். காலி நிலத்தைப் பார்த்து வைப்பார்கள். இரவோடு இரவாக மூங்கில் நட்டு, கோரைத் தட்டி கட்டி, குடிசை போடுவார்கள். விடிந்தால் அங்கே ஓர் ஊர் இருக்கும்! போலீஸ் வருவது தெரிந்தால் பெண்கள் சங்கு ஊதுவார்கள். பூஜைக்கு ஊதும் அதே சங்குதான். சத்தம் கேட்டு எல்லோரும் கூடிவிடுவார்கள். போலீஸ் பிரித்துப் போட்டால் மறுபடி கட்டுவார்கள். ஆசாத்கர், நேதாஜி நகர் எல்லாம் இப்படி வந்தவைதான். 1950 முடிவதற்குள் 149 காலனிகள் எழுந்துவிட்டன.

சட்டப்படி பார்த்தால் இது ஆக்கிரமிப்பு. நிலத்துக்காரருக்கும் நஷ்டம்தான். 1951-இல் அரசு வெளியேற்றச் சட்டம் கொண்டு வந்தது. அகதிகள் சங்கமாகச் சேர்ந்து ஊர்வலம் போனார்கள். மாற்று இடம் தராமல் அகதிகளை வெளியேற்றக் கூடாது என்பதும் சட்டத்தில் சேர்ந்தது.

குடிசை போட்ட கையோடு அவர்கள் பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். சாலை, குளம், சந்தை இவற்றுக்கும் இடம் ஒதுக்கினார்கள். 1950-இல் பிஜோய்கரில் கல்லூரியே வந்துவிட்டது. அதில் இன்றும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

ஆனால் நிலத்துக்குக் காகிதம் கிடைக்கத்தான் வெகுகாலம் ஆனது. முதலில் 99 ஆண்டுக் குத்தகைப் பத்திரம் தந்தார்கள். முழு உரிமைப் பத்திரம் 1980-களில்தான் வரத் தொடங்கியது. குடிசை போட்டவர்களில் பலர் அதைப் பார்க்காமலே போய்விட்டார்கள். 1984-இல் ஜாதவ்பூர்ப் பகுதி கல்கத்தா மாநகராட்சியோடு சேர்ந்தது.

கிழக்கு வங்காளத்து ருசியை மட்டும் இவர்கள் விடவில்லை. ஈஸ்ட் பெங்கால் கால்பந்து அணி ஜெயித்தால் இங்கே இலிஷ் மீன் வாங்கக் கூட்டம் கூடும். நம் ஊரில் அதை உள்ளம் மீன் என்பார்கள். முள் அதிகம், ருசியும் அதிகம்.

இப்போது பழைய ஓட்டு வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். பத்திரம் கையில் இருப்பதால் கட்டுகிறவர் வீட்டுக்காரரிடம் பேரம் பேசித்தான் ஆக வேண்டும்.