அந்தமான் பேக்கேஜ்: காசு கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு வரி

திருவொற்றியூர்ல 6 நண்பர்கள் ஒரு கொட்டேஷனோட வந்தாங்க. ஹேவ்லாக்ல ஸ்கூபா, பாரட்டாங் போற வழியில 'ஜாரவா தரிசனம்'. ரெண்டாவதை அடிச்சிட்டேன். அந்த ரோடு அவங்க காட்டுக்குள்ளதான் போகுது. ஆனா படம் எடுத்தா 3 வருஷம் வரை சிறை. 1956 ஒழுங்குமுறையை 2012-ல கடுமையாக்கிட்டாங்க. மனுஷங்களை வேடிக்கை பார்க்க எதுக்குங்க காசு? போர்ட் பிளேர் மானுடவியல் அருங்காட்சியகம் போங்க, அவங்க வாழ்க்கை புரியும்.

அடுத்து எல்டிஏ. பழைய வரி முறையில இருந்தா மட்டும்தான் விலக்கு. அதுவும் பயணக் கட்டணத்துக்கு மட்டும். ஓட்டல், ஸ்கூபா எல்லாம் சேராது. அதனால டிக்கெட்டுக்குத் தனி பில் கேட்டு வாங்குங்க. போர்டிங் பாஸைத் தூக்கிப் போடாதீங்க!