மாப்பிள்ளைக்கு ஞாபகம் இருக்கா? - தீராத 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' காதல்

முகூர்த்த நாள் சாயங்காலம் புதுச்சேரி இந்திரா காந்தி சிலையிலிருந்து விழுப்புரம் சாலையில் ரெட்டியார்பாளையம் பக்கம் வண்டியை விட்டால், சீரியல் பல்பு மின்னும் மண்டபம் ஒன்றாவது கண்ணில் படும். வாசலில் மாப்பிள்ளையின் நண்பர்கள் வரிசையாகச் சிரிக்கும் பேனர். (பேனருக்குத் தடை என்று எத்தனை முறை சொன்னாலும் பாண்டியில் கல்யாண பேனர் ஓய்ந்தபாடில்லை. அது தனிக் கதை!) உள்ளே கோட் சூட்டில் வியர்த்துக்கொண்டு நிற்பார் மாப்பிள்ளை. கிஃப்ட்டோடு மேடை ஏறும் நண்பர்களில் ஒருவர் பின்னந்தலையைத் தடவிக்கொண்டு "என்னாச்சு?" என்று ஆரம்பித்தால் போதும். மாப்பிள்ளை உட்பட மொத்த கேங்கும் வெடித்துச் சிரிக்கும். மணப்பெண்ணும் சேர்ந்து சிரித்தால் பிரச்னை இல்லை. சிரிக்காவிட்டால், மறுவீடு முடிந்த கையோடு அவரை டிவி முன்னால் உட்கார வைத்துப் படத்தைப் போட்டுக் காட்டிவிடுவார்கள்.

அப்படி ஒரு படம், 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. 2012, நவம்பர் 30-ம் தேதி வெளியானது. இயக்குநர் பாலாஜி தரணீதரனுக்கு அதுதான் முதல் படம். ஹீரோ விஜய் சேதுபதி அப்போது இன்றைய 'மக்கள் செல்வன்' இல்லை. 'தென்மேற்கு பருவக்காற்று' பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆறு வாரம் முன்னால் வந்திருந்த 'பீட்சா' மூலம் இன்னும் கொஞ்சம் பேருக்குத் தெரியும். அவ்வளவுதான். மற்ற முகங்கள் எல்லாம் புதுசு. டூயட் இல்லை, ஃபைட் இல்லை, வில்லன் இல்லை, வெளிநாட்டு லொகேஷன் இல்லை. ஒரு கிரவுண்ட், ஒரு ஆஸ்பத்திரி, ஒரு வீடு, ஒரு கல்யாண மண்டபம். பெரிய பட்ஜெட் படத்தில் ஒரு பாட்டுக்குச் செட் போடும் செலவுக்குள் முடித்திருப்பார்களோ என்று தோன்றும்.

கதையையும் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் சொல்லிவிடலாம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நண்பர்களோடு கிரிக்கெட் ஆடப் போகிறார் பிரேம். உயரே வரும் பந்தைப் பிடிக்கப் பின்னால் ஓடி, விழுந்து, பின்னந்தலையில் அடி. எழுந்து உட்காருகிறார். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனால் கடைசி ஒரு வருடம் மொத்தமாக அழிந்துவிட்டது. அந்த ஒரு வருடத்துக்குள்தான் அவர் காதலித்த பெண்ணும், போராடி நிச்சயம் செய்த கல்யாணமும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, இப்போது சொல்வதும் சில நிமிடங்களில் மறந்துவிடுகிறது. பகவதி, சரஸ், பஜ்ஜி என்று மூன்று நண்பர்கள். இரண்டு வீட்டாருக்கும் தெரியாமல் மாப்பிள்ளையை மேடையேற்றித் தாலி கட்டவைக்க வேண்டும். அவ்வளவுதான் படம்!

இரண்டரை மணி நேரத்தைத் தாண்டி ஓடும் இந்தப் படத்தில் விஜய் சேதுபதிக்குப் பெரும்பகுதி நேரம் அதே சில வரிகள்தான். அதே வரிசை, அதே தொனி, பின்னந்தலைக்குப் போகும் அதே கை. முதல்முறை கேட்கும்போது பாவமாக இருக்கிறது. மூன்றாம் முறை லேசாகச் சிரிப்பு வருகிறது. பத்தாவது முறை அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தியேட்டர் சிரித்தது. கவனித்துப் பார்த்தால், பாதி காமெடி பேசுகிறவர் முகத்தில் இல்லை. கேட்டுக்கொண்டிருக்கும் மூன்று பேர் முகத்தில் இருக்கிறது. பகவதியின் பொறுமை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு இழை அறுவது தெரியும். படத்தை முதல்முறை பார்ப்பவர் பிரேமைப் பார்க்கிறார். ஐந்தாவது முறை பார்ப்பவர் பகவதியைப் பார்க்கிறார். தீவிர ரசிகரை அடையாளம் காண இதுவே போதும்.

இத்தனைக்கும், 'திரும்பத் திரும்பக் கேட்பது' சிரிப்புக்காகக் கூட்டிச் சேர்த்த விஷயமே இல்லை. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்தால், பழைய நினைவுகளில் ஒரு பகுதி தற்காலிகமாகக் கைக்கு எட்டாமல் போகலாம். கூடவே புது நினைவுகளைப் பதிய வைக்கும் வேலையும் சில மணி நேரத்துக்கோ, அதற்கு மேலோ நின்றுபோகலாம். பதில் பதியாததால் அதே கேள்வி மறுபடி வருகிறது. அதே வார்த்தைகளில், அதே ஏற்ற இறக்கத்தோடு வருவதும் உண்டு. பெரும்பாலும் பழைய நினைவுகள் மெல்லத் திரும்பிவிடும். அடிபட்ட நேரத்தை ஒட்டிய துண்டு மட்டும் கடைசிவரை திரும்பாமலே போகலாம். தலைப்பில் இருக்கும் 'காணாமல் போன பக்கம்' அதுதான். படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு நிஜத்தில் அசட்டையாக இருந்துவிடக் கூடாது. விளையாட்டில் தலையில் அடிபட்டவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாலோ, வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாத அளவுக்குத் தூங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். ரெட்டியார்பாளையத்துப் பையன்களுக்கு கோரிமேடு ஜிப்மர் ஒன்றும் தூரமில்லை.

கேமராவுக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளை

இதெல்லாம் இவ்வளவு சரியாக அமைந்ததற்குக் காரணம் எளிமையானது. இது நடந்த கதை. நடந்தது, படத்தின் ஒளிப்பதிவாளர் சி.பிரேம்குமாருக்கு. கிரிக்கெட், அடி, மறதி, கல்யாணம் எல்லாமே அவர் வாழ்க்கையிலிருந்து வந்தவை. ஹீரோவின் பெயர்கூட மாறவில்லை. நண்பர் பகவதியாக நடித்த பகவதி பெருமாளும் சொந்தப் பெயரிலேயே வருகிறார். தன் வாழ்க்கையில் நடுவில் விழுந்த ஓட்டையை இன்னொருவர் நடித்துக் காட்ட, அதற்கு லைட் வைத்து, ஃபோகஸ் பார்த்துப் படம்பிடித்திருக்கிறார் பிரேம்குமார். எத்தனை பேருக்கு இப்படி வாய்க்கும்?

முதல்முறை படம் பார்த்துவிட்டு இந்த விவரம் தெரிந்துகொள்ளும் ரசிகர், உடனே இரண்டாம் முறை பார்ப்பார். அப்போது சிரிப்போடு கொஞ்சம் பயமும் சேர்ந்துகொள்ளும். அந்த இரண்டு நாளும் நண்பர்கள் மூன்று பேரும் சிரித்திருக்கவே மாட்டார்களே என்று தோன்றும்.

சங்கடமான ஒரு விஷயத்தையும் பேசித்தான் ஆக வேண்டும். ரிசப்ஷன் மேடையில் மேக்கப்போடு வந்து நிற்கும் தனலட்சுமியை யாரென்றே தெரியாமல், 'பேய் மாதிரி இருக்கா' என்று பிரேம் மிரள்வார். படத்தின் உச்சக்கட்டச் சிரிப்பு அது. படத்தில் அந்தச் சிரிப்பு பெண்ணின் மேல் விழவில்லை. மேடையிலேயே குட்டு உடைந்துவிடுமோ என்று பதறி, மாப்பிள்ளையின் வாயை அடைக்கப் பாடுபடும் நண்பர்கள் மேல் விழுகிறது. ஆனால் படத்திலிருந்து வெட்டி எடுத்து மீம் ஆக்கியபோது நண்பர்கள் காணாமல் போனார்கள். மேக்கப் போட்ட எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் கேலி செய்ய ஒரு வசனம் கிடைத்துவிட்டது. கல்யாண நாளில் ஒரு பெண் அதைத் தன் காதால் கேட்டால் எப்படி இருக்கும்? படத்தை நிஜமாகவே நேசிக்கும் ரசிகர்கள் மேடையில் "என்னாச்சு?"வோடு நிறுத்திக்கொள்வார்கள். நிறுத்தாதவர்கள் மீமைத்தான் பார்த்திருக்கிறார்கள், படத்தை அல்ல.

இன்னொன்று. மாப்பிள்ளைக்குத் தன்னையே ஞாபகம் இல்லை என்பது, தாலி ஏறும் நேரத்திலும் தனலட்சுமிக்குத் தெரியாது. நண்பர்கள் செய்வது அன்பா, ஏமாற்று வேலையா? 2012-ல் யாரும் பெரிதாகக் கேட்காத கேள்வி. இன்று வீட்டில் கணவனும் மனைவியுமாக உட்கார்ந்து பார்த்தால் கட்டாயம் வரும். காயத்ரி அந்த வேடத்தில் அதிகம் பேசுவதில்லை. ஆனால் மேடையில் அவர் முகத்தில் வந்து போகும் குழப்பத்தை மட்டும் தொடர்ந்து பார்த்தால் வேறொரு படம் தெரியும். அதை யாராவது எடுத்தால் நன்றாக இருக்கும்.

தெலுங்கில் 2013-லும், கன்னடத்திலும் மலையாளத்திலும் 2014-லும் இதே கதை ரீமேக் ஆனது. தமிழிலோ, அடுத்த ஆண்டே 'சூது கவ்வும்', 'மூடர் கூடம்' என்று ஸ்டார் பலத்தை நம்பாத காமெடிகள் வரிசைகட்டின. விஜய் சேதுபதி பெரிய நட்சத்திரமாகி, 2015-ல் 'நானும் ரௌடிதான்' மூலம் பாண்டியின் தெருக்களுக்கே வந்து நின்றார். பொறுமைசாலி பகவதியை 'சூப்பர் டீலக்ஸ்'ஸில் அந்த போலீஸ்காரர் பெர்லினாகப் பார்த்தபோது, பழைய ரசிகர்களுக்கு சொந்தக்காரர் ஒருவர் கெட்டுப்போனது போலவே இருந்திருக்கும்.

மறந்தவர் எடுத்த படங்கள்

ஆனால் ரசிகர்கள் மனதுக்குள் வைத்துக் கொண்டாடும் தொடர்ச்சி பிரேம்குமாருடையது. அவர் இயக்குநராகி முதலில் எடுத்தது 2018-ல் வந்த '96'. ஹீரோ அதே விஜய் சேதுபதி. ஆனால் இந்த ராமுக்கு எதுவும் மறக்காது. பள்ளிக்கூடத்தில் ஜானு உடுத்தியது, பேசியது, பாடியது, பாட மறுத்தது என்று எல்லாவற்றையும் இருபது வருடங்களுக்கு மேல் பொத்திப் பொத்தி வைத்திருப்பவர்.

அடுத்து 2024 செப்டம்பரில் 'மெய்யழகன்'. இங்கே மறுபடியும் ஒரு கல்யாண வீடு. மறுபடியும் ஞாபகம் வராமல் தவிக்கும் ஒரு மனிதர். சொந்தமண்ணை விட்டுப் போய்ப் பல வருடம் கழித்துத் திரும்பும் அருள்மொழியாக அரவிந்த் சாமி. 'அத்தான், அத்தான்' என்று உருகும் கார்த்தி யார், அவர் பெயர் என்ன என்று அவருக்குத் தெரியவே தெரியாது. தெரிந்ததுபோலவே சமாளிக்கிறார். 'நடுவுல கொஞ்சம்' படத்தில் மறந்தவரைக் காப்பாற்ற மூன்று நண்பர்கள் இருந்தார்கள். மறந்தவருக்கோ, தான் மறந்தது தெரியாது. அருள்மொழிக்கு நண்பர்களும் இல்லை, அந்த வசதியும் இல்லை. தன்மேல் இவ்வளவு பாசம் வைத்திருப்பவனின் பெயர்கூடத் தெரியவில்லையே என்ற வெட்கம் தாங்காமல், விடிவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுகிறார்.

'மெய்யழகன்' பார்த்து அழுதவர்களில் எத்தனை பேருக்கு, அதை எடுத்தவர்தான் அந்த "என்னாச்சு?" மாப்பிள்ளை என்று தெரியும்? ரசிகர் பக்கத்து சீட்டில் இருந்தால் இடைவேளையிலேயே சொல்லியிருப்பார். சொல்லிவிட்டு, பின்னந்தலையையும் ஒருமுறை தடவிக் காட்டியிருப்பார்.