இரண்டு முறை தோற்ற அணி சாம்பியன் ஆனது எப்படி?

2024 நவம்பர் 30. ஒஹாயோவின் தலைநகர் கொலம்பஸ். ஒரு லட்சம் பேருக்கு மேல் கூடும் அரங்கில், ஆட்டம் முடிய 45 விநாடிகள் இருந்தபோது, மிச்சிகன் பல்கலைக்கழக வீரர் உதைத்த பந்து கம்பங்களுக்கு நடுவே பறந்தது. 13-10. ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் சொந்த மண்ணில் தோற்றது. வென்றவர்கள் மைதான நடுவில் தங்கள் கொடியை நட முயல, கைகலப்பு மூண்டது. போலீஸார் பெப்பர் ஸ்பிரே அடித்தார்கள். பயிற்சியாளர் ரயன் டேயை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி ரசிகர்கள் கொதித்தார்கள்.

51 நாள் கழித்து அதே அணி தேசிய சாம்பியன். காரணத்தில் பாதி ஆட்டத்தில் இருக்கிறது. மீதி விதிப் புத்தகத்தில்.

தோல்விக்கு என்ன விலை?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் உச்சப் பிரிவில் மட்டும் 130 அணிகளுக்கு மேல். வழக்கமான சீசனில் ஓர் அணிக்குக் கிடைப்பதோ 12 ஆட்டங்கள்தான். எல்லாரும் எல்லாரோடும் மோத வழியில்லை. அதனால் ஒரு தேர்வுக் குழு தரவரிசை போட்டு, மேலே இருப்பவர்களை பிளேஆஃப் என்ற நாக்அவுட் சுற்றுக்கு அழைக்கிறது. 2014 சீசன் முதல் 2023 வரை நான்கே அணிகளுக்குத்தான் இடம். அந்தப் பத்து சீசன்களில் இரண்டு ஆட்டம் தோற்ற எந்த அணியும் உள்ளே நுழைந்ததில்லை.

2024-இல் இடம் 12 ஆனது. பழைய கணக்குப்படி மிச்சிகனிடம் தோற்ற அன்றே ஒஹாயோ ஸ்டேட்டின் கதை முடிந்திருக்கும். புதிய கணக்கில் எட்டாம் இடம் கிடைத்தது.

தோற்றது எங்கே?

முதல் தோல்வி அக்டோபர் 12-இல், ஓரிகனிடம், 32-31. பத்து விநாடி மிச்சம். ஒஹாயோ ஸ்டேட்டிடம் பந்து. ஓரிகன் தடுப்பு வரிசையில் 11 பேருக்குப் பதில் 12 பேர் நின்றார்கள். தண்டனை ஐந்து கெஜம். ஆனால் அதற்குள் நான்கு விநாடிகள் ஓடிவிட்டன, அவை திரும்பவில்லை. அடுத்து, தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் வில் ஹவர்ட் பந்தோடு ஓடிச் சறுக்கி எழுவதற்குள் கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. இப்படிக் கூடுதல் ஆளை நிறுத்தி நேரத்தைத் தின்ன முடியாதபடி, சில நாட்களிலேயே விதி விளக்கம் மாற்றப்பட்டது.

இரண்டாவது தோல்விக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது. மிச்சிகனின் பலமே நடுவே மலைபோல் நின்ற தடுப்பு வீரர்கள். ஓரங்களில் பந்தைப் பிடிக்க நல்ல கைகள் காத்திருக்க, ஒஹாயோ ஸ்டேட் மறுபடி மறுபடி அந்த மலையிலேயே போய் முட்டியது. இரண்டு ஃபீல்ட் கோல் வாய்ப்புகளும் வீணாயின.

மாறியது என்ன?

பிளேஆஃபில் பந்து காற்றில் பறந்தது. முதல் இரண்டு ஆட்டங்களில், முதலாண்டு மாணவர் ஜெரமையா ஸ்மித்தைப் பிடித்து நிறுத்த எதிரணிகளிடம் ஆள் இல்லை. டென்னசியை 42-17 என்று வீழ்த்தினார்கள். அடுத்து ரோஸ் பவுல் என்ற காலிறுதியில், அதுவரை ஓர் ஆட்டம்கூடத் தோற்காத அதே ஓரிகன். அரைநேரத்துக்கு முன்பே 34-0; முடிவில் 41-21.

அரையிறுதியில் டெக்சாஸ். 21-14 என்று பின்தங்கியிருந்த டெக்சாஸ், கோல் கோட்டுக்கு ஒரு கெஜம் வரை வந்துவிட்டது. இரண்டாவது முயற்சியில் ஏழு கெஜம் பின்னால் தள்ளப்பட்டது. நான்காவது முயற்சியில், தற்காப்பு வீரர் ஜாக் சாயர் குவாட்டர்பேக் க்வின் யூவர்ஸின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்து, 83 கெஜம் ஓடி டச் டவுன் போட்டார். அந்த யூவர்ஸ், ஒரு காலத்தில் ஒஹாயோ ஸ்டேட்டில் சாயருடன் ஒரே அறையில் தங்கியவர்.

2025 ஜனவரி 20, அட்லாண்டா. இறுதி ஆட்டத்தில் நோட்ரடாமை 34-23 என வென்றார்கள்.

பணத்தின் பங்கு?

உண்டு. 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்துச் சம்பாதிக்கலாம். கல்லூரி மாறுவதும் எளிதாகிவிட்டது. ஹவர்ட் கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து வந்தவர். தற்காப்பில் தூணாக நின்ற கேலப் டவுன்ஸ் அலபாமாவிலிருந்து. இந்த அணிக்குச் சுமார் 2 கோடி டாலர் செலவானதாகப் பல்கலைக்கழக விளையாட்டுத் துறை இயக்குநரே சொன்னார்.

இனி?

முதல் சுற்றில் ஆடாமல் நேரே காலிறுதிக்குப் போன நான்கு அணிகளும் அங்கேயே தோற்றன. மாநாடு எனப்படும் பிராந்தியக் கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்கே அந்தச் சலுகை என்ற விதி, அடுத்த சீசனில் கைவிடப்பட்டது.

எட்டாம் இடத்திலிருந்து கோப்பைக்கு வர விதி வழிவிட்டது. மிச்சிகனோடான பங்காளிச் சண்டைக்கு மட்டும் மறுவாய்ப்பு இல்லை. கொலம்பஸ் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த சாயர், கையில் தேசியக் கோப்பையோடு கல்லூரியை விட்டுப் போனார். நான்கு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவர் மிச்சிகனை வென்றதில்லை.